பக்கத்து நாற்காலி: வேலை அரிதான காலத்தில் இணையவழிப் பயிற்சி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நெடுங்காலம் தட்டச்சுப் பயிலகம் நடத்திய ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. அவரிடம் பயின்று நீதிமன்றத்திலும் வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், தங்கள் ஓய்வூதியத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த முதல் இது. என்னை அழைத்தபோது வணிகவியலில் எந்தப் பொருளைப் பற்றியும் பேசலாம் என்றார்கள். நான் 33 ஆண்டுகள் அரசு கலைக் கல்லூரிகளில் வணிகவியலும் கணினிப் பயன்பாடும் கற்பித்தவன். அந்தப் பயிலகத்தில் என்ன நடந்தது, இன்று கைப்பேசியில் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதில் எது கிடைக்காமல் போயிற்று என்பதையே பேசுகிறேன் என்று சொன்னேன். அவர்களும் இசைந்தார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் பாடத்தை ஏறக்குறைய இலவசமாக்கிவிட்டது. கற்பவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கும் செலவைத்தான் யாரும் ஏற்கவில்லை. வேலைவாய்ப்பு சுருங்கும்போதெல்லாம் அரசும் கல்லூரிகளும் புதிய பாடங்களை அறிவிக்கின்றன. அந்தப் பணத்தில் பெரும்பங்கு நாற்காலிக்குப் போக வேண்டும். ஏன் என்பதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. பயிலகத்தில் இருந்தவை

காலை ஆறு மணி பேட்ச். கதவு திறக்குமுன்பே நாலைந்து பேர் படியில் நிற்பார்கள். ஒரு மணி நேரம்தான். ஏழு மணிக்கு அடுத்த பேட்ச் வந்துவிடும். அதனால் தாமதமாக வந்தால் நம் நேரம்தான் போகும். முதல் மாதம் முழுக்க ஏ-எஸ்-டி-எஃப் வரிசைதான். சுண்டுவிரலுக்கு வலுவே இருக்காது. ‘ஏ’ மட்டும் தாளில் மங்கலாக விழும். நான் பயின்ற இடத்தில் மாஸ்டர் வாசலுக்கு அருகே நாளிதழோடு உட்கார்ந்திருப்பார். தலை நிமிராமலே, “மூணாவது மிஷின், கீயப் பாக்காம அடி” என்பார். ஓசை தயங்குவதை வைத்தே யார் கண் விசைப்பலகையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்து இயந்திரத்தில் நம்மைவிட ஆறு மாதம் மூத்தவர் ஒருவர் இருப்பார். ரிப்பன் சிக்கினால் எடுத்துவிடுவார். ‘லோயர்’ தேர்வில் எப்படித் தாள் செருக வேண்டும், மார்ஜின் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருவார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. அவருக்கும் ஒருவர் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பிறகு தேர்வு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும். பயிலகத்து இயந்திரங்களையே வண்டியில் ஏற்றி, தேர்வு மையமான பாலிடெக்னிக்குக் கொண்டுபோவோம். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். மணி அடித்ததும் கூடம் முழுக்க மழை பெய்வது போல ஒலிக்கும். அந்தச் சான்றிதழை எந்த அலுவலகமும் சந்தேகித்ததில்லை. நிமிடத்துக்கு 45 என்றால் 45தான். பரிந்துரையோ பேச்சுத் திறமையோ அந்த எண்ணைக் கூட்டிவிடாது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதக் கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் உண்டு. தட்டச்சு தெரிந்தும் ஆண்டுக்கணக்காக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே முடி நரைத்தவர்கள் உண்டு. கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சு இயந்திர உற்பத்தியை 2009ஆம் ஆண்டில் நிறுத்திய பின்பும் நம் தேர்வுகள் அந்த இயந்திரத்திலேயே தொடர்ந்தன என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் என் தலைமுறையில் எத்தனையோ பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே வந்து கற்க அனுமதி கிடைத்த முதல் இடம் அந்தப் பயிலகம். குறித்த நேரம், கவனிக்கும் கண், பக்கத்தில் ஓர் ஆள், ஊர் நம்பும் தேர்வு: இந்த நான்கும் சேர்ந்துதான் சாதாரண மாணவர்களைக் கரை சேர்த்தன. பாடம் என்று பார்த்தால் மிகச் சிறியது. முப்பது பக்கப் புத்தகம் ஒன்று போதும்.

2. பாடம் பெருகிய கதை

தூரத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. தபாலில் பாடம் வரும். விடுமுறையில் தொடர்பு வகுப்பு நடக்கும். அந்தத் தொடர்பு வகுப்புக்காக இரவு பஸ் பிடித்து வந்தவர்களுக்கு நான் கற்பித்திருக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகும் போக மாட்டார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் குறிப்பை மற்றவர் எழுதிக்கொண்டிருப்பார். பாதிப் பாடம் அங்கேதான் நடந்தது.

2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்.பி.டெல் திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவதை ராமநாதபுரத்து மாணவி பார்க்க முடிந்தது. அதன் அருமையை, அதற்கு முன் பாடப்புத்தகம் கிடைக்காமல் நகலெடுத்துப் படித்தவர்களே அறிவார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்று இணையத்தில் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள். சுமார் 23,000 பேர் முடித்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா வந்தது, எட்எக்ஸ் வந்தது. 2017 ஜூலையில் நம் அரசின் ‘ஸ்வயம்’ தளம் வந்தது. இனி வகுப்பறையே தேவையில்லை என்று அன்று பேசினார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவுகளை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ்-வாலியெண்டே என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து, 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பதிவுசெய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18இல் பதிவுசெய்தவர்களில் பாடத்தை முடித்தோர் 3.13 சதவீதம். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் முடித்தோர் 46 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்ததும், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காக மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு மாவட்ட மைய நூலகத்து மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். காலையில் சோற்று டப்பாவோடு வந்து விளக்கு ஏற்றும் நேரத்தில்தான் எழுந்து போகிறார்கள். அவர்களிடம் பொறுமை இருக்கிறது. மரத்தடியில் கூட ஆள் இருக்கிறது. திரைக்கு முன்னால் இல்லை.

3. வேலை சுருங்கும்போது பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

என் பணிக்காலத்தில் நான்கு தளர்ச்சிகளைப் பார்த்தேன். 2001இல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது இங்கே தெருவுக்குத் தெரு இருந்த கணினிப் பயிற்சி நிலையங்கள் பூட்டப்பட்டன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்கள் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2020இன் ஊரடங்கு எல்லோருக்கும் தெரியும். நான்காவது சத்தமில்லாமல் வந்தது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றின் பணியாளர் எண்ணிக்கையும் சேர்ந்து ஏறத்தாழ 64,000 குறைந்தது. அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. விலகிப் போனவர்களின் இடத்துக்குப் புதியவர்களை எடுக்கவில்லை. அந்த ஆண்டு படிப்பை முடித்த ‘ஃப்ரெஷர்’ பிள்ளைக்கோ இரண்டும் ஒன்றுதான்.

தளர்ச்சி வந்ததும் நாம் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றே. “சும்மா இருக்காதே, ஒரு கோர்ஸ் போடு.” நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் பைத்தான் போடுகிறார்கள், டேட்டா அனலிட்டிக்ஸ் போடுகிறார்கள், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போடுகிறார்கள். ரெஸ்யூமேயில் சான்றிதழ் பதினான்கு இருக்கிறது. அழைப்பு ஒன்றும் வரவில்லை. தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துப் பதினைந்தாவதுக்குப் பதிவுசெய்கிறார்கள்.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரான்சில் புரூனோ கிரெபோன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள், படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கான வழிகாட்டு உதவித் திட்டத்தை 235 வட்டாரங்களில் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். டுஃப்லோ பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் செய்த நுட்பம் இதுதான்: சில வட்டாரங்களில் கால்வாசிப் பேருக்கு உதவி, சிலவற்றில் பாதிப் பேருக்கு, சிலவற்றில் எல்லோருக்கும், சிலவற்றில் ஒருவருக்கும் இல்லை. எட்டு மாதம் கழித்து, உதவி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நிலையான வேலை அதிகமாகவே கிடைத்திருந்தது. ஆனால் அந்த ஆதாயம் நீடிக்கவில்லை. அதில் ஒரு பகுதி உதவி பெறாத பக்கத்து வீட்டு இளைஞரின் இடத்திலிருந்து வந்தது. வேலைச்சந்தை தளர்ந்திருந்த இடங்களில் இந்த இடமாற்றம் கூடுதலாக இருந்தது.

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் நூறு லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால், வரிசையில் வேகமாக நகரக் கற்றுக்கொடுப்பதால் நூற்றைம்பது லிட்டர் ஆகாது. வேலை உண்டாக்குவது முதலீட்டின் வேலை, தொழிற்கொள்கையின் வேலை, அரசுக் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டியவர்களின் வேலை. அந்தப் பொறுப்பு ஒரு கோர்ஸின் தலையில் விழுந்துவிடக் கூடாது. வேலை கிடைக்காத பிள்ளையின் தலையில் விழவே கூடாது.

அப்படியானால் தளர்ச்சிக் காலத்தில் பயிற்சி வீணா? இல்லை. டேவிட் கார்டு, யோக்கன் க்ளூவே, ஆந்த்ரியா வெபர் மூவரும் உலகெங்கும் நடந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் எழுதினார்கள். பயிற்சியின் பலன் முதல் ஆண்டில் மிகச் சொற்பம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே தெரிகிறது. பெண்களுக்கும் நெடுநாள் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கும் கூடுதலாகப் பலிக்கிறது. பொருளாதாரம் தாழ்ந்திருக்கும் காலத்தில் நடத்தும் திட்டங்கள் பலன் தரும் வாய்ப்பும் அதிகம். விதைப்பு மழைக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பது நம் உழவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு பிள்ளையைக் கற்றலில் நிறுத்தி வைப்பது எது? காணொளியால் அது ஆகாது. நாளைக்கும் வருவாயா என்று கேட்கும் ஒருவரால்தான் ஆகும்.

4. கணினி ஒரு கைத்தொழில்

2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று சொல்கிறது: நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம். அதற்குப் பிறகு கைப்பேசி பெருகியது. ‘இணையம் எல்லோரிடமும் வந்துவிட்டது’ என்றோம். வந்தது கைப்பேசி. எக்செலும் டேலியும் நிரல் எழுதுவதும் கைப்பேசியில் கற்கும் கலைகள் இல்லை. நீச்சலைக் காணொளியில் பார்க்கலாம், கற்க முடியாது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை இலவசம் என்று எள்ளியவர்கள் உண்டு. அந்த மடிக்கணினியில் தன் முதல் பேலன்ஸ் ஷீட்டைப் போட்ட மாணவர்களை வகுப்பில் பார்த்தவன் என்பதால் அந்த எள்ளலை நான் ஏற்றதில்லை.

ஐ.ஐ.டி. மும்பையின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இதை நன்றாக உணர்ந்து உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு பாடமும் பத்து நிமிட அளவு. திரையில் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும், ஏனென்றால் வேலையிடத்தில் அப்படித்தான் இருக்கும். விளக்கம் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வரும். திரையைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் காணொளியையும் மறுபக்கம் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதை அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அந்த முறையில் கற்றவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. கைப்பேசியில் பாதித் திரை என்பது ஏது?

2020 ஜூலையில் நான் இணையவழி வகுப்பு எடுத்தேன். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை. பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று நாற்பது நாள் குறித்தேன். பிறகு தெரிந்தது, வீட்டில் ஒரே கைப்பேசி. அண்ணன் அதை வேலைக்கு எடுத்துப்போய் இரவு பத்து மணிக்குத்தான் திரும்புவார். இவர் பதிவுசெய்த பாடத்தை நள்ளிரவில் பார்த்து, நோட்டில் எக்செல் கட்டங்களைக் கோடு போட்டு வரைந்து, பென்சிலால் விடை எழுதிப் பழகியிருக்கிறார். கல்லூரி திறந்த பிறகு அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அன்று அந்த நாற்பது குறிகளையும் நானே அடித்தேன். என் பணிக்காலத்தில் நான் வெட்கப்பட்ட நாள் அது.

அதே மாணவர் கணினி முன் முதல்முறை உட்கார்ந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் எண்களுக்குப் பதில் வரிசையாக ஹாஷ் குறிகள் வந்தன. அழித்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மாணவி எட்டிப் பார்த்து, “ஒண்ணும் ஆகலண்ணா, காலம் சின்னதா இருக்கு, இழுத்து விடுங்க” என்றார். கட்டத்தின் ஓரத்தைச் சற்று இழுத்ததும் எண்கள் வந்தன. பத்து விநாடி. வீட்டில் தனியாக இருந்திருந்தால் அந்தப் பத்து விநாடி ஒரு மாலையைத் தின்றிருக்கும். இப்படி மூன்று மாலைகள் போனால் நான்காம் நாள் யாரும் கணினியைத் திறக்க மாட்டார்கள். அந்த 3.13 சதவீதம் என்ற எண்ணுக்குள் இப்படிப்பட்ட மாலைகள்தான் அடைந்து கிடக்கின்றன என்று நம்புகிறேன்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஹாஷ் குறிக்கு விளக்கம் வரும் என்பார்கள். வரும். எதைக் கேட்பது என்று தெரிந்தவருக்கு அது பெரிய உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டு நாள் வராமல் போனால், ஏன் வரவில்லை என்று அது வீட்டுக்கு ஆள் அனுப்பாது.

5. ஊர் நம்பும் தேர்வு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்.பி.டெல் பாடத்தைப் பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பிலும் பாடம் வீட்டில், தேர்வு நேரில். வீட்டிலிருந்து அனுப்பும் பயிற்சிகளை யார் செய்தார், எந்தச் செயலி செய்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாத நிலையில், இந்த ஏற்பாட்டின் மதிப்பு கூடியிருக்கிறது.

சிறு நிறுவனங்கள் தாங்களாகவே இப்படி ஒரு தேர்வை வைத்துக்கொண்டுவிட்டன. திருப்பூரில் பனியன் நிறுவனம் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: “சர்டிஃபிகேட் எதையும் நான் பார்க்கறதில்லை சார். பத்து பில்லைக் கையில குடுத்து டேலில போட்டு, ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு எடுத்துக் காட்டச் சொல்வேன். அரை மணி நேரம்.” 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். இந்த இரண்டு தேதிகளைத் தவறவிடாத ஒருவர் எந்தச் சிறு நகரத்திலும் தேவைப்படுகிறார். நம் பயிற்சிப் பட்டியல்களில் இது பின்வரிசையில் கிடக்கிறது, ஏனென்றால் விளம்பரத்தில் எடுபடாது.

விளம்பரத்தில் எடுபடுவது நூறு சதவீத வேலை உத்தரவாதம். என் முன்னாள் மாணவி ஒருவர் அப்படியொரு தனியார் பயிற்சி நிலையத்தில் கடன் வாங்கிச் சேர்ந்தார். நிலையம் ஆறு மாதத்தில் கிளையை மூடியது. மாதத் தவணை மூன்று ஆண்டு ஓடியது. அவருடைய அப்பா கட்டடத் தொழிலாளி. கடனையும் உத்தரவாதத்தையும் சேர்த்து விற்கும் எந்தப் பயிற்சிக்கும் உங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வேலைக்காக முன்பணம் கேட்கும் ‘பேக்டோர்’ ஆட்களிடமும் அனுப்பாதீர்கள்.

6. நாற்காலியை எங்கே போடுவது

‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. வேலைக்கான திறனைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்துப் பார்த்தது நல்ல செயல். ஏனென்றால் கல்லூரியில் நேரமும் இருக்கிறது, கணினி அறையும் இருக்கிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறார். கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்களைப் பற்றியே என் கவலை. படித்து முடித்து இரண்டு ஆண்டு ‘கேப்’ விழுந்தவர்கள், குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள், நாற்பது வயதில் வேலை போனவர்கள். பயிற்சி கூடுதலாகப் பலிப்பது இவர்களுக்கே என்பதைச் சற்று முன் பார்த்தோம். இவர்களுக்குத்தான் போய் உட்கார ஓர் இடம் இல்லை.

இடத்தை நாம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இயங்குகின்றன. போட்டித் தேர்வு எழுதுவோருக்கு அங்கே இலவச வகுப்பு நடக்கிறது, பலர் தேறியிருக்கிறார்கள். அதே வட்டத்தில் கணினித் திறனுக்கு ஒரு மேசையைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமில்லை. நூலகங்களும் இருக்கின்றன. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆக, அந்தக் கட்டடங்களுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். தாலுகாவுக்கு ஒரு நூலகத்தில் ஆறு கணினிகள். பாடம் எதையும் புதிதாகத் தயாரிக்க வேண்டாம். ஸ்போக்கன் டுடோரியலும் என்.பி.டெல்லும் போதும். கல்லூரிகளில் என்.பி.டெல் உள்ளூர்க் கிளைகள் வைத்திருப்பது போல, நூலகத்துக்கும் ஒரு பொறுப்பாளர். காலை ஒரு பேட்ச். குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், பதினொன்றிலிருந்து ஒன்று வரை, பெண்களுக்கு ஒரு பேட்ச். வருகைப் பதிவேடு கட்டாயம் வேண்டும். வராதவரை விசாரிப்பதற்காக அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வட்டாரத்துச் சிறு தொழில் செய்வோரே பத்து பில்லைக் கொடுத்துச் சோதிக்கும் ஒரு நேரடித் தேர்வு.

பக்கத்து நாற்காலியில் உட்காருபவருக்குச் சம்பளம் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். என் காலத்தில் பக்கத்து இயந்திரத்துக்காரர் சும்மா சொல்லிக் கொடுத்தார் என்றேன். அவருக்கு அப்போது வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. இன்று வேலையில்லாத பி.காம். பட்டதாரியிடம் தொண்டு கேட்பது முறையில்லை. ஒரு நூலகத்துக்கு இரண்டு பேர் என்று அமர்த்தினால், பயிற்சித் திட்டம் தானே உண்டாக்கும் வேலைகளில் அவை முதலாவதாக இருக்கும். இடமாற்றம் ஏதுமில்லாத, புதிதாகப் பிறந்த வேலை.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த அரங்கின் முதல் மூன்று வரிசைகளில் இருப்பவர்கள் அந்தத் தட்டச்சு ஆசிரியரின் மாணவர்கள். வங்கியிலும் கருவூலத்திலும் கணினியில் கணக்கு பார்த்தவர்கள். அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் நேற்றே பேசினேன். இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரும் மதிப்பூதியத்தையும் சேர்த்து, பழைய கணினிகள் மூன்றை வாங்கி இவ்வூர்க் கிளை நூலகத்தில் வைப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நூலகரும் வந்திருக்கிறார், வாசலுக்கு இடப்புறம் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை பக்கத்து நாற்காலியில் உட்கார இயன்றவர்கள், வெளியே போகும்போது அந்த நோட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.